மாமனாரின் காலும் மாப்பிள்ளையின் வாயும்

புது மாப்பிள்ளைகளின் வாயை முதல் ஒரு வருஷத்துக்குத் தைத்துவிட வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்திருந்தால், என் மாமனாரின் இடது காலுக்கு அந்தக் கதி வந்திருக்காது. சர்க்கார் எதற்கெல்லாமோ சட்டம் போடுகிறது, இதற்கு மட்டும் போடவில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக் கம்பெனியில் கடிதக் குமாஸ்தா. வெளியூர் வியாபாரிகளுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுவது வேலை. எழுதுவது என்றால், யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ எழுதி வைத்த பழைய கடிதத்தில் ஊர் பெயரையும் பூட்டின் அளவையும் மாற்றிப் போடுவது. இதற்கே எனக்குத் தலைக்கனம் தாங்காது. இண்டர்மீடியட்டில் பெயிலானதை ‘இண்டர் வரைக்கும்’ என்று சொல்லிக்கொண்டு திரிகிற ரகம். (பவுண்டன் பேனாவில் மை இருக்காது. ஆனாலும் பையில் மூடி பளபளவென்று தெரிய வேண்டும்.)

என் மாமனார் அழகர்சாமி ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் வெங்காயமும் சோளமும் போடுகிற சம்சாரி. அதற்கு முன்னால் பட்டாளத்துக்காரர். யுத்தத்தின்போது பர்மாக் காட்டில், மழையிலும் சேற்றிலும் பூட்ஸைக் கழற்ற வழியில்லாமல் கிடந்து, இடது கால் அழுகி, இரண்டு விரல்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். மிச்சமிருந்த பாதத்தில் உணர்ச்சி கிடையாது. முள் ஏறினாலும் தெரியாது, நெருப்புக் கங்கை மிதித்தாலும் தெரியாது. “என்ன மாமா, ரத்தம் வருது” என்று யாராவது சொன்னால்தான் குனிந்து பார்ப்பார். போதாததற்குக் குண்டுச் சத்தத்தில் ஒரு காதும் பாதி போயிருந்தது.

இவ்வளவுக்கும் சேர்த்து மிலிடரி டாக்டர்கள் அவருக்குக் கொடுத்திருந்த மார்க் நூற்றுக்கு இருபது. ஆமாம், மார்க்தான். ஊனம் எத்தனை சதவீதம் என்று ஒரு மெடிக்கல் போர்டு உட்கார்ந்து தீர்மானிக்கும், அதற்குத் தகுந்தபடி பென்ஷன். இருபதுக்குக் கீழே போனால் பென்ஷனே கிடையாது. கால் வருஷத்துக்கு வருஷம் மோசமாகிக்கொண்டிருந்தது. மார்க் ஏறினால் கமலை இறைக்க ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம். ஏறாவிட்டால், மாடுகளோடு முன்னும் பின்னும் நடந்து அந்தக் காலோடு அவரேதான் கிணற்றுத் தண்ணீரை இறைத்தாக வேண்டும்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில் அவர் இதைச் சொன்னார். “மேல எழுதிப் போட்டா கூட்டுவாகன்னு சொல்றாக மாப்ள. எனக்கு என்னத்தத் தெரியும்?”

என் இலையில் அப்போது கோழிக் குழம்பு இருந்தது. அத்தை தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தை இரண்டாம் தடவை வைத்துக்கொண்டிருந்தார். அம்புட்டு மரியாதையை வாங்கிக்கொண்டு சும்மா எழுந்திருக்க முடியுமா?

“எங்கிட்ட விடுங்க மாமா” என்றேன். அங்கே பிடித்தது சனி.

மனு எழுதினேன். பூட்டுக் கடிதத்தைத் தவிர வேறு இங்கிலீஷ் தெரியாததால், ‘தங்கள் மேலான ஆர்டரை விரைவில் எதிர்பார்க்கிறோம்’ என்று முடித்தேன். பட்டாளத்துக்காரர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் மதுரையில் போர்டுக்கு வரச்சொல்லி உத்தரவு வந்துவிட்டது! (எல்லோருக்கும் வழக்கமாக வருகிற உத்தரவுதான் அது என்பது பிற்பாடு தெரிந்தது. அப்போது அதை நான் கம்பெனி முழுக்கக் காட்டிவிட்டேன்.)

அடுத்து, பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை மாமனாரைக் கட்டிலில் உட்கார வைத்து, நான் டாக்டராக மாறினேன்.

“கூப்பிட்டதும் திரும்பக் கூடாது மாமா. உங்களுக்குக் காது கேக்காது.”

“ஒரு காது நல்லாத்தான கேக்குது.”

“அங்க கேக்கக் கூடாது. அப்புறம், டாக்டர் காலத் தொட்டதும் ஐயோன்னு அலறணும்.”

“தொட்டா எனக்குத் தெரியாதே மாப்ள.”

“அதுக்குத்தான் சொல்றேன். தெரியலேன்னா வலிக்கலேன்னு எழுதிருவான். வலியே இல்லாத காலு என்ன ஊனம்?”

அவர் குனிந்து காலைப் பார்த்தார். “நெசத்தச் சொன்னா ஆகாதா?”

“நெசத்துக்கெல்லாம் இருபதுதான் மாமா” என்றேன். சொல்லிவிட்டு, எவ்வளவு அழகாகச் சொன்னோம் என்று எனக்கே ஒரு பூரிப்பு. மடப்பயல்!

உணர்ச்சி இல்லாததுதான் அந்தக் காலின் நோய். அதில் வலி இருக்கிறது என்று காட்டினால் நோய் இல்லை என்று ஆகிவிடும். மூக்கு ஒழுகும் பிள்ளைக்குக்கூட இது விளங்கும். எனக்கு விளங்கவில்லை. என் மனைவி பாக்கியம் மட்டும் கதவோரம் நின்று கேட்டாள்: “தொடுறதே தெரியாதவரு எப்பக் கத்துறதுன்னு எப்படித் தெரிஞ்சுக்குவாரு?” நல்ல கேள்வி. வழக்கம்போல நல்ல கேள்விக்கு நான் கெட்ட பதில் வைத்திருந்தேன். “நான் பக்கத்துல நின்னு இருமுவேன். இருமினாக் கத்தட்டும்.”

பழகினோம். நான் இரும, மாமனார் அலற, தொழுவத்தில் மாடு மிரண்டது. பட்டாளத்துத் தொண்டை அல்லவா! பக்கத்துக் காட்டிலிருந்து இரண்டு பேர் மண்வெட்டியோடு ஓடி வந்துவிட்டார்கள்.

இத்தோடு விட்டிருக்கலாம். அத்தை ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். மார்க் கூடினால், மாமா தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வருவார் என்று. நான் அதிலும் மூக்கை நுழைத்தேன். “பின்னாடி என்ன அத்தை? எங்க கம்பெனியில முன்பணம் கட்டினவனுக்குத்தான் சரக்கு முதல்ல போகும். இப்பவே நடந்துட்டு வரச்சொல்லுங்க.” முருகனையும் பூட்டு வியாபாரியாக்கினேன்.

மாமா வெறுங்காலோடு பாதயாத்திரைக் கூட்டத்தில் சேர்ந்து நடந்தார். நான் பஸ்ஸில் போய்ப் பழனி அடிவாரத்தில் காத்திருந்தேன். (யாராவது ஒருத்தர் ஏற்பாடுகளைப் பார்க்க வேண்டாமா?) வந்து சேர்ந்தபோது பார்த்தால், இடது பாதம் உரிந்து ரத்தமும் மண்ணுமாக இருக்கிறது. மனிதர் சந்தோஷமாகப் பஞ்சாமிர்தம் தின்றுகொண்டிருக்கிறார்.

“வலிக்கலியா மாமா?”

“அதுபாட்டுக்கு வருது மாப்ள. வலிக்கிறது வலது காலுதேன்.”

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ‘பரவாயில்லை, போர்டுக்குக் காட்டப் புதுப் புண் கிடைத்தது’ என்றுதான் நினைத்தேன். நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த வாரமே போர்டு. மூன்று டாக்டர்கள், ஓர் அரைக்கதவு. துணைக்கு வந்தவர்கள் அரைக்கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். சிப்பந்தி “அழகர்சாமி!” என்றான், அதுவும் மெதுவாக. என் மாமனார் பெஞ்சிலிருந்து விறைப்பாக எழுந்து “சார்!” என்று முழங்கினார். முடிந்தது காது.

நடுவிலிருந்த டாக்டர் நம் ஊர் மனிதர்தான். காலைப் பார்த்துவிட்டுக் கையில் ஊசியை எடுத்தார். “கண்ண மூடிக்கங்க. குத்துறப்பச் சொல்லுங்க” என்றார்.

குத்தினார். நான் இருமினேன்.

“ஐயோ!” என்றார் மாமனார்.

இன்னோர் இடத்தில் குத்தினார். இருமினேன். “ஐயய்யோ!”

ஒன்றுகூடப் பிசகவில்லை. குதிகாலில் குத்தினாலும், விரல் போன தழும்பில் குத்தினாலும் உடனுக்குடன் அலறல். அரைக்கதவுக்குமேல் எட்டிப் பார்த்து, பாட்டு வாத்தியார் மாதிரி பூரித்துப்போய் இருமிக்கொண்டிருந்தேன்.

“உணர்ச்சி பிரமாதமா இருக்கே” என்றார் டாக்டர். பிறகு பாதத்தைத் திருப்பினார். “இதென்ன புண்ணு?”

“பழனிக்கு நடந்தேன் சார்.”

“ரெட்டியார்சத்திரத்துலருந்தா? இந்தக் காலோடயா? எதுக்கு?”

என் மாமனார் அதிகாரிகளிடம் பொய் சொல்லிப் பழகாதவர். நானும் இந்தக் கேள்விக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. “ஊனம் கூடணும்னு வேண்டுதலு சார்” என்றார்.

ஓரத்து டாக்டர் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைத் தேடினார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, “சார், அவருக்கு அந்தக் கால்ல உணர்ச்சியே கிடையாது! அதனாலதான் சார் நடந்தாரு!” என்று கத்தினேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கினார். “அப்ப இம்புட்டு நேரம் கத்துனது யாரு? நீ யாரு?”

“எங்க மாப்ள சார்” என்றார் மாமா. அந்த நிலைமையிலும் குரலில் ஒரு பெருமை.

“இருமிக்கிட்டே இருந்தது நீதானா? நெஞ்சு டாக்டரு அடுத்த ரூம்ல இருக்காரு. போய்க் காட்டு.”

சில வாரங்களில் முடிவு வந்தது. இருந்த இருபதும் போயிற்று. அப்புறம் இரண்டு வருஷம் அந்த மனிதர் கமலையில் முன்னும் பின்னும் நடந்தார். சாயங்காலம் பாக்கியம் அவர் பாதத்தைத் திருப்பி வைத்து முள் பிடுங்குவாள். எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே வெட்கமாக இருக்கும். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் சோறாவது இறங்கியிருக்கும்.

பிறகு அவரே யாரையோ பிடித்து அப்பீல் போட்டார். என்னிடம் சொல்லாமலேயே மதுரைக்குத் தனியாகப் போய் வந்தார். ஐம்பது கிடைத்துவிட்டது!

“எப்படி மாமா?” என்று வாயைப் பிளந்தேன்.

“கண்ண மூடச் சொன்னாக மாப்ள. மூடுனேன். காலையில சீக்கிரமே கெளம்புன அலுப்பு. செத்த நேரம் கண் அசந்துட்டேன். எழுப்புனப்பப் பாத்தா காலு பூரா ஊசிக் குத்து.”

தூங்கினால் போதும் என்ற காரியத்துக்குத்தான் நான் இண்டர்மீடியட் வரைக்கும் படித்த மூளையைச் செலவழித்திருக்கிறேன்.

வேண்டுதல் பாக்கி இருந்தது. போன நடை கணக்கில் சேராது என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார். “இந்தத் தடவ மாப்ள நடக்கட்டும். ஒங்க மாமா பஸ்ஸுல வருவாக.” எதிர்த்துப் பேச எனக்கு முகம் ஏது? நடந்தேன். ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் அம்மா, அப்பா என்று சொந்தக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டேன். பழனி அடிவாரத்தில் மாமா காத்திருந்தார். என் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்து, கொப்புளத்தை விரலால் லேசாகத் தொட்டார். “ஐயோ!” என்று அலறினேன்.

அவர் நிதானமாகக் கேட்டார்: “நெசமாவா மாப்ள, இல்ல போர்டுக்கா?”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதற்குக் கத்தினாலும் இதே கேள்விதான். என் மூத்த மகள் பிறந்தபோது, வலியில் கத்திக்கொண்டிருந்த பாக்கியத்திடம் அத்தையே கேட்டுவிட்டார். மாமா போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. கல்யாண வீடுகளில் எனக்குத் தும்மல் வந்தால்கூட, தெரியாத பையன்கள் “ஐயோ!” என்கிறார்கள்.

போன மாதம் சர்க்கரை டாக்டரிடம் போனேன். காலை நீட்டச் சொன்னார். “கண்ண மூடிக்கங்க ஐயா, குத்துறப்பச் சொல்லுங்க.” மூடினேன். வெகுநேரம் காத்திருந்தேன். ஒன்றுமே தெரியவில்லை. ‘இன்னும் குத்தலையா சார்?’ என்று கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, கதவோரம் நின்றிருந்த பாக்கியம் இருமினாள்.