பாரைக் காக்காவின் அரசாங்க வேலை

கல்முனைக் கரையோரத்தில் எந்த எம்.பி.யின் சிபாரிசும் இல்லாமல் அரசாங்க வேலைக்குப் போன ஒரே மனிதர் பாரைக் காக்காதான்.

எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன். கல்முனைக்குடியில் மோட்டார் சைக்கிளில் மீன் விற்றவர். மீன் பழசு போலிருக்கிறதே என்று சொன்ன ஒருவரை அந்தப் பாரை மீனாலேயே முகத்தில் அடித்துவிட்டார். மூக்கு உடைந்து வழக்கானது. அடித்ததைக் காக்கா ஒப்புக்கொண்டார். மீன் பழசு என்பதை மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. நீதவான் அவரை மறியலுக்கு, அதாவது சிறைக்கு, அனுப்பாமல், ஆஸ்பத்திரி வளவைச் சம்பளமில்லாமல் கூட்டும்படி கட்டளையிட்டார். இடையில் சண்டை பிடித்தால் மறியல்தான். அப்படி வருகிறவர்களைக் கண்காணிப்பது என் உத்தியோகம்.

மற்றவர்கள் தொப்பியை நெற்றிவரை இழுத்துக்கொண்டு ஒளிந்து வருவார்கள். காக்கா முதல் நாளே புதுச் சேட்டும் அத்தருமாக வந்தார். ஊரில் கவுண்மென்ட் வேலை கிடைத்துவிட்டதென்று சொல்லியிருக்கிறார். பட்டம் முடித்து வேலைக்குக் காத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் வயிறெரிந்து, எந்த எம்.பி.யைப் பிடித்தீர்கள் என்று கேட்டாராம்.

“எம்பி இல்ல தம்பி, பாரை.”

சில நாட்களில் ஆஸ்பத்திரி ஊழியர்கள் முறையிட வந்தார்கள். யாரையாவது அடித்துவிட்டாரா என்று பதறிக் கேட்டேன். அதெல்லாம் இல்லையாம், வேலை செய்கிறாராம். அவரைப் பார்த்துத் தங்களையும் செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று பயமாம்.

பிறகு ஓர் அரசியல்வாதி கைகழுவும் குழாயொன்றைத் திறந்து வைக்க வந்தார். அவருடைய ஆட்கள் பிரியாணி தின்றுவிட்டு, காக்கா கூட்டிய முற்றத்திலேயே பெட்டிகளை எறிந்தார்கள். காக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. விளக்குமாறுடன் அரசியல்வாதியை நோக்கி நடந்தார். மறியல்தான் என்று நினைத்தபடி பின்னால் ஓடினேன்.

“சேர், எனக்குக் கோவம் வரப்படாது, வந்தா மறியல். ஒங்களுக்கு அப்பிடி ஒண்டுமில்லயே. ஒங்கட ஆக்கள நீங்க கொஞ்சம் ஏசுங்க.”

சுற்றிலும் கைபேசிகள் படம் பிடித்துக்கொண்டிருந்தன. அரசியல்வாதி சிரித்தபடி குனிந்து தானே பெட்டிகளைப் பொறுக்கினார். அன்று மாலை பேஸ்புக்கில் அவர் சுத்தத்தின் காவலரானார். படத்தில் காக்காவின் விளக்குமாறு மட்டும் தெரிந்தது.

கட்டளை முடிந்துவிட்டதென்று சொன்னபோது காக்காவின் முகம் வாடிவிட்டது.

“அப்ப பென்சன் இல்லயா சேர்?”

விளையாட்டாகத்தான் கேட்டார் என்று இன்றுவரை நம்புகிறேன்.

கட்டளை முடிந்தவர்கள் வீதியில் என்னைக் கண்டால் மறுபக்கம் திரும்பிக்கொள்வார்கள். காக்கா மட்டும் மோட்டார் சைக்கிளை நடுவீதியில் நிறுத்தி, ஊருக்கே கேட்கும்படி சலாம் சொல்லி, என்னைத் தன்னுடைய பழைய மேலதிகாரி என்று எல்லோருக்கும் அறிமுகப்படுத்துவார். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் அவரைச் சில நாள் காணாவிட்டால், வேலை முடிந்து சந்தைப் பக்கமாகச் சுற்றித்தான் வீட்டுக்குப் போகிறேன்.