பதினைந்தடி லாரி

விபத்தே செய்யாத டிப்பர் லாரி ஒன்று இப்பூவுலகில் உண்டென்றால், அதைப் படைத்த பெருமை அந்த உரிம அலுவலகத்துக்கே சேரும். மற்ற அலுவலகங்கள் லாரியைச் சாலையில் ஓடவிட்டு, அப்புறம் விபத்தைத் தடுக்கப் பார்க்கின்றன. பாவம், அனுபவம் போதாது!

இந்தச் சாதனைக்குத் துணைநின்ற பாக்கியசாலியைக் 'கியர்' என்று கூப்பிடுவார்கள். இருபது வருஷம் ஊரார் லாரியை ஓட்டியவர். பேசும்போதுகூட ஒரு கை கியர் மாற்றிக்கொண்டே இருக்கும். இப்போது சொந்தமாக ஒரு பழைய டிப்பர் வாங்கி, முதல் வேலையையும் பிடித்துவிட்டார். உரிம அலுவலக வாசலில் குழாய் பதிக்கத் தோண்டி, அப்படியே விட்டுப்போன பள்ளத்தை மண் கொட்டி மூட வேண்டும். பதினைந்து நாளில் தொடங்காவிட்டால் வேலை போய்விடும். மறுபடியும் ஊரார் லாரிதான்.

கியர் சளைக்கவில்லை. பள்ளத்தின் மேல் போட்டிருந்த ஒற்றைப் பலகையில் தினமும் நடந்து போய், லாரியின் உரிமத்துக்குக் கேட்ட காகிதத்தையெல்லாம் கொடுத்தார். காப்பீட்டுக்காரர் வந்து, மண் கொட்டும் தொட்டியை இறக்கிவைத்து லாரியை அளந்தார்: பத்தடி. உரிம அலுவலகப் பரிசோதகர் வந்து, தொட்டியைத் தூக்கச் சொல்லி, அது எழும்பும் அழகில் மெய்மறந்து அப்படியே அளந்தார்: இருபதடி.

பன்னிரண்டாம் நாள் இரண்டு சான்றிதழும் அலுவலரின் மேஜையில் சந்தித்துக்கொண்டன.

"ஒரு லாரிக்கு எப்படிய்யா ரெண்டு உயரம்?" என்றார் அலுவலர், கண்ணாடியைக் கழற்றி.

"இது டிப்பர் சார். தூக்குனா உயரும், இறக்குனா குறையும்."

"அப்ப காப்பீடு எந்த உயரத்துக்கு?"

"ரெண்டுக்கும்தான் சார். ஒரே வண்டிதானே!"

"அதை நீங்க சொல்றீங்க. காகிதம் சொல்லலையே!"

விஷயம் சாதாரணமானதல்ல. அவசரக் கூட்டம் கூடியது. 'தூக்கியதே உண்மை' என்று ஒரு தரப்பும், 'இறக்கியதே இயல்பு' என்று மறுதரப்பும் மூன்று மணி நேரம் மோதின. கியர் வாசலில் நின்று நகத்தைக் கடித்தார். கடைசியில் அலுவலரே எழுந்து, யாருக்கும் மனக்கசப்பு வராத தீர்ப்பை வழங்கினார். பத்தும் இருபதும் முப்பது, பாதி பதினைந்து. தொட்டியைப் பதினைந்தடி உயரத்தில் நிறுத்தி, அசையாதபடி வெல்டிங் வைத்துவிட வேண்டும்!

"சார், மண்ணு சரிஞ்சு கொட்டிருமே!" என்றார் கியர்.

"மண்ணைப் பத்தி எங்க ஃபைல்ல எதுவும் இல்ல."

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிப்போச்சா? வெல்டிங் வச்சா அது டிப்பரா?"

"முதல்ல லைசென்ஸ் கைக்கு வரட்டும்டி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் கியர். இன்னும் மூன்றே நாள். வேறென்ன செய்வார்?

பதினான்காம் நாள் உரிமமும் காப்பீடும் கைக்கு வந்தன. என்ன முத்திரை, என்ன கையெழுத்து! பதினைந்தாம் நாள் காலை மண்ணை ஏற்றினார். லாரி கிளம்பியது, மண் கிளம்பவில்லை. ஏற்றிய இடத்திலேயே மொத்தமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டது. வெல்டிங்கை அறுத்தால் உரிமம் ரத்து. வேலை போயிற்று. கியர் மறுபடியும் ஊரார் லாரிக்குப் போனார். மனைவி பதினைந்தடித் தொட்டியில் கயிறு கட்டித் துணி காயப்போட்டாள்.

ஒரு வருஷம் கழித்து, 'விபத்தில்லா வாகனம்' என்று அந்த லாரிக்குக் கேடயம் அறிவித்தது அலுவலகம். விழாவுக்கு வந்தபோது அலுவலக வாசல் பலகை புரண்டு, மனைவி பள்ளத்தில் விழுந்தாள். நாலு பேர் சேர்ந்து தூக்கிவிட்டார்கள். சேறும் சகதியுமாக, நொண்டிக்கொண்டே நேராக மேடையேறி மைக்கைப் பிடித்தாள். கியருக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

"ஓடாத வண்டிக்கு லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், கேடயம் எல்லாம் குடுத்தீங்க, ரொம்ப சந்தோஷம். வருஷம் பூரா வாசல்ல ஆளை விழுங்கிட்டு இருக்கே ஒரு பள்ளம், அதுக்கு லைசென்ஸ் குடுத்தது யாரு சார்?"