ஆயிரத்துக்கு ஒன்று குறைவு

"இன்னும் அதே நம்பர்தானா?" என்று மனைவி கேட்டாள்.

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது" என்றார் பேராசிரியர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். மூன்று வாரமாக அந்த எண் ஆணி அடித்தது போல் நின்ற இடத்திலேயே நின்றது.

பேராசிரியர் மருந்தியல்காரர். எங்கோ யாரோ ஆய்வுக் கட்டுரை எழுதும்போது இவருடைய கட்டுரையைக் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள். வெள்ளிக்கிழமைக்குள் ஆயிரம் மேற்கோள் சேர்ந்தால் துறைத் தலைவர் நாற்காலி இவருக்கு. இல்லாவிட்டால் எதிர் அறைக்காரருக்கு. அந்த மனிதர் ஜன்னல் திரைக்கு அளவெடுத்துவிட்டார் என்று கேள்வி.

இவர் இதற்கெல்லாம் கலங்குகிற ஆள் இல்லை. இருக்கிற மேற்கோள்களில் எண்ணூறு, ஒரே கட்டுரைக்கு வந்தவை. பசியை அடக்கும் மருந்து பற்றியது. ஊசி போட்ட எலிகள் கிண்ணத்தில் வைத்த தீனியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. அவ்வளவுதான், உலகமே இவரைத் திரும்பிப் பார்த்தது.

"என் பழைய மாணவியோட கட்டுரை நாளன்னைக்கு வெளிவருது. ஒரு வார்த்தை சொன்னா போதும், ஆயிரம் ஆயிடும்."

"கேட்டு வாங்கினா அது மேற்கோளா, சிபாரிசா?" என்றாள் மனைவி.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மாணவிக்குப் போன் போட்டார்.

"உங்க பேரு ஏற்கெனவே அதுல இருக்கு சார்" என்றாள் மாணவி. "ஆனா..."

"என்னம்மா ஆனா?"

"நாங்களும் அந்த மருந்தைப் போட்டுப் பாத்தோம். எலிங்க தீனியை முடிச்சிட்டுக் கிண்ணத்தையும் கடிச்சுதுங்க. எங்களுக்கு அப்படி வரலைன்னு எழுதியிருக்கேன். திட்டி எழுதினாலும் எண்ணிக்கையில சேரும் சார்."

"எண்ணிக்கையில சேரும், மானம் போயிடுமே. உங்க எலி தீனிப்பண்டாரமா இருக்கும். நாளைக்கு வந்து என் எலியைப் பாரு."

"கண்ணால பாத்தா மாத்தி எழுதறேன் சார்."

இதோடு விட்டிருக்கலாம். விடுவாரா? சாட்சிக்கு இருக்கட்டும் என்று கல்லூரி முதல்வரையும் அழைத்து வைத்தார்.

மறுநாள் காலை எலிக்கூடத்தில் மூவரும் கூடினார்கள். சிவப்பு மை வைத்த எலிகளுக்கு மருந்து, மற்றவற்றுக்கு வெறும் உப்புத் தண்ணீர். அரை மணி கழித்துக் கிண்ணங்களை வைத்தார் பேராசிரியர்.

சிவப்பு எலிகள் பாய்ந்தன. பேராசிரியர் கையை எடுப்பதற்குள் பாதித் தீனி காலி.

"புது ஆளுங்களைப் பாத்த பதட்டம். அளவைக் கொஞ்சம் கூட்டினா சரியாயிடும்" என்றார் பேராசிரியர்.

கூட்டினார். இந்த முறை ஒரு எலி பக்கத்து எலியைத் தள்ளிவிட்டு அதன் பங்கையும் தின்றது.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "பசியைக் கிளப்புற மருந்தா இது? பிரமாதமா வேலை செய்யுதே."

பேராசிரியர் ஊசியைக் கீழே வைத்தார். நாற்காலி போனால் போகிறது, இருபது வருஷப் பெயரும் சேர்ந்தல்லவா போய்விடும்.

"அன்னைக்கும் இன்னைக்கும் என்ன சார் வித்தியாசம்?" என்று மாணவி மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்ணும் கிடையாது. அதே மருந்து, அதே கூண்டு, அதே கை."

அப்போது கிடங்கிலிருந்து தீனி மூட்டையோடு ஒருவர் உள்ளே வந்தார். கிடங்குக்கு மாற்றலாகிப் போகும்வரை எலிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். பேராசிரியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இதோ, ஆளே வந்தாச்சு. அந்தக் கட்டுரைக்கு நான் வேலை செஞ்சப்ப எலிங்களைக் கவனிச்சுக்கிட்டது இவர்தான். இவரையே கேளுங்க" என்று முதல்வரிடம் சொல்லிவிட்டு, வந்தவர் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. சிவப்பு மை வெச்ச எலி ஒண்ணாவது தீனியைத் தொட்டுச்சா?"

"தொடவே தொடாதுங்க ஐயா."

பேராசிரியர் மாணவியைப் பார்த்தார். பிறகு முதல்வரைப் பார்த்தார். நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

மூட்டையைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டே கிடங்குக்காரர் சொன்னார்: "எப்படிங்க தொடும்? மத்ததுக்கு உப்புத்தண்ணி, இதுங்களுக்கு மட்டும் தினம் மருந்து ஏறுதே, பாவம்னு மனசு கேக்காம, நீங்க வர்றதுக்கு முன்னாடியே வயிறு முட்ட ரொட்டி குடுத்துருவேனே."