முந்நூற்றுப் பன்னிரண்டு எழுத்துப்பிழைகள்

“கிளி எதுக்குய்யா?” என்று முதலாளி மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

கேளிக்கைப் பூங்காவின் கூட்ட அறையில் இருந்த எட்டுப் பேரும் தங்கள் முன்னாலிருந்த தேநீர்க் கோப்பைக்குள் பதிலைத் தேடினார்கள். பூங்காவுக்கு இருபத்தைந்து வயது நிறைய இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. வெள்ளி விழாவுக்கு என்னென்ன மேம்பாடு வேண்டும் என்று ரசிகர்களைக் கேட்டு வாசலில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். பெட்டி நிரம்பி வழிந்தது. ராட்டினத்துக்குப் புது இருக்கை, நீர்ச்சறுக்குக்கு வெந்நீர், வரிசையில் நிற்பவர்களுக்கு நிழல் என்று எல்லாம் நியாயமான ஆசைகள்தான். பேய் வீட்டைப் பற்றி வந்திருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் மட்டும் வேறு பாட்டுப் பாடின.

முதலாளி ஒன்றை எடுத்து வாசித்தார். “‘பேய் வீட்டில் முன்பு போல் கிளி இல்லை. வெள்ளி விளாவுக்காவது கிளியைக் கொண்டுவரவும். இப்படிக்கு, பூங்கா ரசிகர் மன்றத் தலைவர்.’ இன்னொண்ணு கேளுங்க. ‘கிளி இல்லாத பேய் வீடு ஒரு பேய் வீடா?’ எனக்கு ஒண்ணும் புரியல. கேக்கறாங்களேன்னு அறுபது கிளிக்குச் சொல்லி வெச்சிருக்கேன். கூண்டுக்குத் தச்சர் வந்து அளவு எடுத்துட்டுப் போயிட்டார்.”

மேசையின் கோடியிலிருந்து ஒரு செருமல் கேட்டது. பேய் வீட்டுப் பொறுப்பாளரின் செருமல் அது.

அவரைப் பூங்காவில் எல்லோரும் புலவர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பாட்டு எழுதியவர் அல்ல, பிழை திருத்துகிறவர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். ‘களிப்பறை’ என்றிருந்த பலகையைப் பார்த்து மூன்று நாள் தூக்கம் கெட்டு, கடைசியில் தன் கையாலேயே ‘கழிப்பறை’ என்று மாற்றி எழுதியவர். உணவுக்கூடத்துப் பட்டியலில் பதினேழு பிழை திருத்திச் சமையல்காரரின் நட்பை இழந்தவர். பேய் வீட்டு வெளிவாசலில் ஒரு பேசும் பொம்மை ‘அழாதே’ என்பதை ‘அளாதே’ என்று சொன்ன குற்றத்துக்காக, மூன்று வருடம் முன்பு அதையும் கழற்றிக் கடாசச் சொன்னவர். பொம்மையின் முகம்கூட அவருக்கு நினைவில்லை. அந்த ளகரம் மட்டும் இன்னும் காதில் குத்திக்கொண்டிருந்தது.

“ஐயா,” என்றார் புலவர். “விழாவை ‘விளா’ன்னு எழுதறவன் கிளியை மட்டும் சரியா எழுதியிருப்பானா? அது கிளி இல்லீங்க. கிலி. சின்ன ல. பேய் வீட்ல பயம் பத்தலைன்னு பாவம் கதறியிருக்கான்.”

யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். முதலாளி அங்கேயே தச்சரைத் தொலைபேசியில் பிடித்துக் கூண்டை நிறுத்தினார்.

“பூங்காவைப் பறவைக் கண்காட்சி ஆகாம காப்பாத்திட்டீங்க,” என்றவர் உடனே குரலை மாற்றினார். “ஆனா ஒண்ணு. மூணு வருஷமா உங்க பேய் வீட்ல ஈ ஓட்டறீங்க. விழா அன்னிக்கு ரசிகர் மன்றம் மொத்தமும் வருது. அவங்க கேட்டது கிடைச்சுதுன்னா வீடு இருக்கும். இல்லேன்னா மறுநாளே இடிச்சுட்டு, வண்டி நிறுத்தற இடமாக்கிடுவேன்.”

“முன்னூத்திப் பன்னெண்டு பேரும் வாயடைச்சுப் போவாங்க. நான் பொறுப்பு,” என்றார் புலவர்.

பூங்கா திறந்த நாளிலிருந்து அந்தப் பேய் வீடுதான் அவருக்கு எல்லாம். சொந்த வீட்டில் எந்தச் சுவிட்சு எந்த விளக்குக்கு என்று இன்றுவரை தெரியாது. பேய் வீட்டில் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஒரு எலும்புக்கூட்டின் மேல் இடிக்காமல் நடந்து வருவார். அந்த இடத்தில் வண்டிகள் நிற்பதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

முதல் வாரம் பாதி விளக்கை அணைத்தார்.

பலன் பெரிய பேய்க்குத்தான் கிடைத்தது. பெரிய பேய் என்பவர் ஆறடி உயரமும் அதற்கேற்ற பயந்த சுபாவமும் உள்ள மனிதர். பதினைந்து வருடமாக அதே வெள்ளை அங்கியில் தூணுக்குப் பின்னாலிருந்து குதிக்கிறவர். இருட்டில் அவர் தூணின் மேலேயே குதித்துவிட்டார்.

“புலவரே, நான் பயமுறுத்தறதுக்குள்ள அவங்க என் காலை மிதிச்சு என்னைப் பயமுறுத்திடறாங்க,” என்று நெற்றியில் கட்டோடு வந்து நின்றார்.

“அப்போ விஷயம் சூடு பிடிக்குதுன்னு அர்த்தம்.”

அன்று மாலை பெட்டியில் புதுக் கடிதங்கள் இருந்தன. ‘விளக்கை ஏன் அணைத்தீர்கள்? இருட்டில் கிளியைத் தேடித் தேடிப் பார்த்தோம். தென்படவே இல்லை.’ புலவர் பேனாவைத் திறந்து ளியை லியாக்கினார். அதோடு விடாமல், ‘கிலி தென்படாது, உண்டாகும்’ என்று ஓரத்தில் குறிப்பும் எழுதினார்.

அந்த நேரம் பார்த்துத் துடைப்பத்தோடு பெருக்குகிற அம்மா எட்டிப் பார்த்தார். “ஐயா, ஸ்டோர் ரூம்ல ஒரு அட்டைப்பெட்டி மூணு வருஷமா கிடக்குது. தூக்கிப் போடட்டுங்களா, வெச்சுக்கட்டுங்களா?”

“வீடே போகப் போகுதாம், இவங்களுக்குப் பெட்டி! அப்புறம் வாம்மா.”

இரண்டாவது வாரம் தரையிலிருந்து ஒரு குளிர்ந்த கை நீண்டு காலைப் பிடிக்கும்படி செய்தார். கை பெரிய பேயுடையது. ஐஸ் வாளிக்குள் ஊறவைத்த கை. முதல் நாளே ஒரு உடற்பயிற்சி ஆசிரியை அதை மிதித்துவிட்டு, மன்னிப்பும் கேட்காமல் போய்விட்டாள். கடிதங்கள் அசையவில்லை. ‘கிளியைத் தொங்கவிடுங்கள்’ என்றது ஒன்று. இன்னொன்றில் எழுத்தே இல்லை. பச்சை நிறத்தில், வளைந்த சிவப்பு மூக்கோடு ஏதோ கிறுக்கியிருந்தது.

“பாருங்கய்யா கற்பனையை! பச்சைப் பேய் கேக்கறாங்க,” என்று புலவர் துள்ளினார்.

மறுநாள் பெரிய பேய் தலையிலிருந்து கால்வரை பச்சை வண்ணம் பூசி, வளைந்த சிவப்பு மூக்கும் மாட்டிக்கொண்டு குதித்தார். அன்று முதல்முறையாக உள்ளே கைதட்டல் கேட்டது. மாலையில் ஒரு கடிதம் வந்தது. ‘கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள்! ஆனால் இவ்வளவு பெரிதாக வேண்டாம். முன்பு போல் கைக்கு அடக்கமாக இருந்தால் போதும்.’

“கைக்கு அடக்கமான கிலி,” என்று புலவர் இரவுச் சாப்பாட்டின்போது சொல்லிச் சொல்லிப் பார்த்தார். “என்ன தமிழ் இது! கிலி தொங்குமா? கிலி கைக்கு அடங்குமா?”

“ஏங்க, முந்நூறு பேரும் ஒரே மாதிரியா தப்புப் பண்ணுவாங்க?” என்றாள் மனைவி.

“நம்ம ஜனங்க ஒத்துமையா இருக்கற ஒரே விஷயம் அதுதான்டி.”

“நேரா ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன். உங்க கண்ணுல எழுத்து விழற அளவுக்குக் காதுல பேச்சு விழறதில்ல.”

கேட்பதில் அவருக்கென்ன தயக்கம்? மறுநாள் காலை ரசிகர் மன்றத் தலைவரையே தொலைபேசியில் பிடித்துவிட்டார். தலைவருக்குப் பேருந்தில் நடத்துநர் வேலை. பின்னால் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

“தலைவரே, பேய் வீட்டுப் பொறுப்பாளர் பேசறேன். கிலி எந்த இடத்துல இருந்தா உங்களுக்குத் திருப்தி?”

“வெளிய வர்ற வாசல்ல சார்! முன்னாடி அங்கதானே இருந்துச்சு?”

“அப்போ கடைசி நேரத்துல வேணும்?”

“ஆமா சார். அப்பாடா, முடிஞ்சுதுன்னு வரும்போது தலைக்கு மேல சட்டுனு இருக்கணும். அப்பத்தான் வந்த மாதிரியே இருக்கும்.”

“சத்தம்?”

“சத்தம் இல்லாம எப்படி சார்? அதைக் கேக்கத்தானே வர்றோம்!”

புலவர் தொலைபேசியை வைத்துவிட்டு உள்ளங்கையில் குத்திக்கொண்டார். எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. தவறு அளவில் இல்லை, இடத்தில்! மிச்சமிருந்த பத்து நாளும் பூங்காவின் மின்பணியாளரையும் தச்சரையும் தூங்கவிடவில்லை. வெளிவாசலின் தலைக்கு மேல் ஒரு சவப்பெட்டி ஏறியது. ஆள் கீழே வந்ததும் அது பிளந்துகொள்ளும். கயிற்றில் கட்டிய பெரிய பேய் தலைகீழாக இறங்குவார். கூடவே தீயணைப்பு வண்டிச் சங்கு ஊதும்.

“யாராவது நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா?” என்று பெரிய பேய் மேலிருந்து பலவீனமாகக் கேட்டார்.

“உக்காரட்டுமே. நாற்காலி போட்டு வெப்போம்.”

“ஐயா, அந்தப் பெட்டி...” என்று பெருக்குகிற அம்மா ஆரம்பித்தார். “பிரிச்சுப் பாத்தேனுங்க. உள்ள இருக்கறது நல்லாத்தான் இருக்குது. பேட்டரிதான் போயிருக்குது.”

“விழா முடியட்டும்மா. அப்புறம் பேட்டரி, பெட்டி எல்லாத்துக்கும் ஒரு முடிவு சொல்றேன்.”

விழா அன்று காலை ரசிகர் மன்றம் அணிவகுத்து வந்தது. முந்நூறு பேரும் பச்சைச் சட்டை, தலையில் சிவப்புத் தொப்பி. ராட்டினத்தின் புது இருக்கையில் உட்கார்ந்து பார்த்து, நீர்ச்சறுக்கின் வெந்நீரில் நனைந்து, புது நிழலில் வரிசையாக நின்று, ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள். முதலாளியின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

“வெள்ளி விழாவுக்குப் பச்சைச் சட்டை. வண்ணத்துலகூடப் பிழை விடறாங்க,” என்று புலவர் அவர் காதில் சொன்னார். “இருங்க, என் வீட்டுக்கு வரட்டும்.”

வந்தார்கள். உள்ளே போனார்கள். இருட்டில் சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. குளிர்ந்த கைக்குக்கூட யாரும் பயப்படவில்லை. வெளிவாசல் நெருங்க நெருங்க, “இப்ப வந்துடும்! இப்ப வந்துடும்!” என்று ஒரே ஆரவாரம். புலவர் பெருமிதத்தோடு விசையை அழுத்தினார்.

சவப்பெட்டி பிளந்தது. சங்கு ஊதியது. பெரிய பேய் தலைகீழாக இறங்கி, முந்நூறு பேரை ஒரே நேரத்தில் பார்த்த பீதியில், சங்கைவிடப் பலமாக அலறினார்.

பச்சைச் சட்டைகள் வாசலை முட்டிக்கொண்டு பாய்ந்தன. நாலு தொப்பிகள் நீரூற்றில் மிதந்தன. ஒருவர் ராட்டினத்தில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றார். மன்றத் தலைவர் மட்டும், போட்டு வைத்திருந்த நாற்காலியில் பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தார்.

முதலாளி மாலையும் கையுமாக அவரிடம் ஓடினார். “எப்படி இருந்துச்சு? சொல்லுங்க தலைவரே!”

தலைவர் தண்ணீர் குடித்தார். மூச்சு விட்டார். “எல்லாம் சரி சார். கிளி எங்க?”

“கொடுத்தேனேய்யா!” என்று புலவர் கத்தினார். “இதுக்கு மேல என்ன கிலி வேணும்?”

“இது கிலி சார். நாங்க கேட்டது கிளி.” வாழ்நாள் பூராவும் நிறுத்தங்களின் பெயரைக் கூவிய நாக்கு அந்த ளகரத்தை மடித்து, உருட்டி, முழுசாகச் சொன்னது. “பச்சையா, மூக்கு மட்டும் சிவப்பா, இந்த வாசல்லதான் தொங்கிட்டிருந்துச்சு. அலறிட்டு வர்றவங்களுக்கு ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லும். என் சம்சாரத்தைப் பொண்ணு பாத்துப் பேசி முடிச்சதும் முதமுதல்ல இங்கதான் கூட்டிட்டு வந்தேன். உள்ள பயந்து அழுதுட்டா. அந்தக் கிளி பேசினதைக் கேட்டுத்தான் சிரிச்சா. இங்க வர்ற எல்லாருக்குமே அப்படி ஒரு கதை இருக்கு. பேயைப் பாக்கவா சார் வந்தோம்? அதைக் கேக்கத்தான் வந்தோம்.”

சுற்றி நின்ற பச்சைச் சட்டைகள் தலையாட்டின. புலவர் அப்போதுதான் அந்தச் சட்டைகளையும் தொப்பிகளையும் ஒழுங்காகப் பார்த்தார். மற்ற எழுத்துகளை எப்படிக் குதறியிருந்தாலும், அந்த ஓர் எழுத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் சரி. பிழையெல்லாம் சிவப்பு மையில்தான் இருந்தது.

முதலாளி மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டார். “நாளைக்குக் காலைல இடிக்க ஆள் வரும் புலவரே. உங்க சாமான் ஏதாவது இருந்தா எடுத்து வெச்சுக்குங்க.”

புலவர் நாற்காலிக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். சிவப்புப் பேனா சட்டைப்பையிலிருந்து நழுவி உருண்டோடியது; அவர் எடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

“இந்த வீட்ல ஏதுய்யா கிளி?” என்று தழுதழுத்தார். “எங்கேன்னு போய்த் தேடுவேன்?”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெருக்குகிற அம்மா வந்தார். இடுப்பில் ஓர் அட்டைப்பெட்டி. “ஐயா, விழா முடிஞ்சதும் சொல்றேன்னீங்களே? என் காசுலயே பேட்டரியும் வாங்கிப் போட்டுட்டேன். இதை வெச்சுக்கறதா, தூக்கிப் போடறதா?” என்று பெட்டியை அவர் மடியில் இறக்கினார்.

பெட்டி சாய்ந்தது. உள்ளே ஏதோ டக்கென்று தட்டுப்பட, மூடியைத் தள்ளிக்கொண்டு ஒரு சிவப்பு மூக்கு வெளியே வந்தது. புலவரின் கண்ணீரை நேராகப் பார்த்து, மூன்று வருடத்துக்குப் பிறகு அது வாயைத் திறந்தது.

“பயந்துட்டியா? அளாதே! அளாதே!”