முதல் தண்ணீருக்கு முன்னால் ஒரு ஸ்கேட்போர்ட்

கூட்டம் கூடி நிற்பதைப் பார்த்தாலே அது நமக்காகத்தான் கூடியிருக்கிறது என்று நம்பும் வியாதி சிலருக்கு உண்டு. அரசியல்வாதிகளுக்கு அது தொழிலோடு வருவது. எனக்கு எந்தப் பதவியும் இல்லாமலே இருபத்தொரு வயதில் வந்தது. (குணமாகிவிட்டதா என்று இப்போதே கேட்காதீர்கள்.)

அப்போது நான் இரத்தோட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி, மாத்தளை டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதே தெருவில்தான் என் தோழி ரிஸ்னாவின் வாப்பாவுக்கு மிளகுக் கடை. அவளுடைய சாச்சா (வாப்பாவின் தம்பி) வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு ஸ்கேட்போர்ட்தான் எங்களைச் சிநேகிதிகளாக்கியது. பலகை ஒன்று, ஆள் இரண்டு. ஒருத்தி ஓட்டும்போது மற்றவள் படம் பிடிப்பாள். விழுவதை மட்டும் படம் பிடிக்கக்கூடாது என்று ஒப்பந்தம். (அந்த ஒப்பந்தம் காற்றில் பறந்த கதைதான் இது.)

மாத்தளையில் ஸ்கேட்போர்டுக்கு இடம் தேடுவது வாடகை வீடு தேடுவதைவிடக் கஷ்டம். பஸ் நிலையத்தின் பின்பக்கத்திலிருந்து துரத்தினார்கள். கல்யாண மண்டப வாசற்படியின் விளிம்பில் பலகை வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்று மெழுகுதிரி தேய்த்துவைத்தோம். மறுநாள் மாப்பிள்ளையின் பெரியப்பா வழுக்கிக்கொண்டு போனார். பிறகு ரிஸ்னாவின் வாப்பா மிளகு காயப்போடும் சீமெந்துத் தளத்தைப் பிடித்தோம். வீடு கட்டுகிற இடங்களில் மிஞ்சிய சீமெந்தைக் கெஞ்சி வாங்கி, தளத்தின் வெடிப்புகளைப் பூசி, காயும்வரை நாய் மிதிக்காமல் காவல் இருந்தோம். எங்கள் வீட்டு அலுமாரிக் கதவைக் கழற்றிச் செங்கல்லில் சாய்த்து ஏற்றம் அமைத்தோம். மிளகு சீசன் வந்தது, தளம் போனது. என் அம்மா வந்தார், ஓட்டி ஓட்டிப் பிளந்துபோயிருந்த கதவும் போனது.

அந்த நேரத்தில்தான் தெற்குக் கடற்கரைப் பக்கம் ஸ்கேட் செய்கிற ஒரு குழுவிடமிருந்து ரிஸ்னா உதவி கேட்டு எழுதியதற்குப் பதில் வந்தது. எங்கள் மாவட்டத்துக்கு வந்து, சாமான்களோடு ஒரு ஏற்றம் கட்டித்தரத் தயாராம். ஆனால் திங்கட்கிழமைக்குள் ஒரு வீடியோ அனுப்ப வேண்டும். அதில் இடம் தெரிய வேண்டும், நாங்கள் ஓட்டுவது தெரிய வேண்டும், முக்கியமாக ஊர்மக்களின் ஆதரவு தெரிய வேண்டும். முன்பு ஓரிடத்தில் கட்டிய ஏற்றத்தை ஊர்க்காரர்களே உடைத்துவிட்டார்களாம்.

இடத்துக்கு என்னிடம் வழி இருந்தது. என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது லக்கலையில். அத்தான் ட்ராக்டர் ஓட்டுகிறவர். அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய ஒரு பெரிய வாய்க்கால் உண்டு. நடுவில் சமதளம், இரண்டு பக்கமும் சரிவு, முழுக்க வழவழவென்று சீமெந்து. போனமுறை போனபோது பொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. பிரச்சினை ஊர்மக்களின் ஆதரவுதான். அத்தானுக்குப் போன் செய்தேன்.

"அத்தான், ஞாயித்துக்கெழம வாய்க்கால்கிட்ட வீடியோ எடுக்க வாறோம். ஊர் ஆளுங்க ஒரு பத்துப் பேரு நின்னா நல்லா இருக்கும்."

"பத்துப் பேரா? அன்னைக்கு காலைல பத்து மணிக்கு ஊரே அங்கதான் நிக்கும். நீங்க வாங்க."

எதற்காக நிற்கும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஸ்கேட்போர்ட் என்ற வார்த்தையை நான் வாயிலேயே எடுக்கவில்லை. சொன்னால் அக்காவுக்குப் போகும், அக்காவிடமிருந்து அம்மாவுக்குப் போகும். அம்மா இன்னும் அந்த அலுமாரிக் கதவை மறக்கவில்லை.

ஞாயிறு அதிகாலை பஸ்ஸைப் பிடித்து (விட்டால் அடுத்தது எப்போது என்று டிரைவருக்கே தெரியாது) ஒன்பதரைக்கு வாய்க்கால் பக்கத்தில் இறங்கினோம். நான் கண்ட காட்சியை இன்றைக்கும் மறக்க முடியாது. வாய்க்கால் கரை முழுக்கத் தென்னங்குருத்துத் தோரணம். வாய்க்காலின் உள்ளே ஒரு சருகு, ஒரு கல் இல்லாமல் கூட்டிப் பெருக்கியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரத்தில் ஆண்கள். தட்டுத் தட்டாகப் பாற்சோறு. மேளக்காரர்கள் இரண்டு பேர். பௌத்த விகாரையிலிருந்து தேரர்கூட வந்து கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

ரிஸ்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்கட அத்தான் என்னடி இப்பிடிச் செஞ்சி வச்சிருக்காரு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான். எத்தனை இடத்தில் விரட்டப்பட்டவர்கள் நாங்கள். இங்கே ஒரு ஊரே எங்களுக்காக வாய்க்காலைப் பெருக்கி வைத்திருக்கிறது.

முன்னால் நின்ற வெள்ளைச் சாரக்காரர் விவசாயச் சங்கத் தலைவர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அவரிடம் போய், நீங்கள் எல்லோரும் வந்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா என்று சிங்களத்தில் நன்றி சொன்னேன். அவர் என்னையும் பலகையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, நாங்கள் நாலு மாதமாக இதற்காகத்தானே காத்திருக்கிறோம் மகள் என்றார். எதற்காக என்று அப்போதாவது கேட்டிருக்கலாம். தன் ரசிகரைக் குறுக்கு விசாரணை செய்கிற ஆள் உண்டா?

ரிஸ்னாவைக் கூட்டத்தின் நடுவில் போனோடு நிறுத்திவிட்டு, நான் வாய்க்கால் கரையோடு மேல்பக்கம் நடந்தேன். அங்கே ஒரு வளைவு இருந்தது. வளைவுக்கு அப்பால் யாருக்கும் தெரியாமல் இறங்கி, திடீரென்று கூட்டத்தின் முன்னால் தோன்றுவது என் திட்டம். (சாதாரணமாக வந்தால் போதாதா என்று கேட்கிறீர்கள். போதாது.)

பத்து மணிக்கு இறங்கினேன். அந்த ஓட்டத்தைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் பீற்றிக்கொள்ள அனுமதியுங்கள். இடது சரிவில் ஏறி, மேல் விளிம்பைத் தொட்டுத் திரும்பி, அதே வேகத்தில் வலது சரிவில் ஏறினேன். பலகைச் சில்லுகளின் இரைச்சலில் காது அடைத்தது. வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் ஓட்டியதே இல்லை. வளைவைத் தாண்டியதும் கூட்டம் ஒரே குரலில் கத்தியது. கை நீட்டிக் காட்டினார்கள், குதித்தார்கள். மேளம் முழங்கியது, பட்டாசு வெடித்தது. அந்தச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. ஆனால் பாராட்டைப் புரிந்துகொள்ள வார்த்தை எதற்கு? நேரே அவர்கள் முன்னால் போய் நிறுத்தி, பலகையிலிருந்து இறங்கி, கும்பிட்டு, இடுப்பு வளையக் குனிந்தேன்.

குனிந்த இடத்தில் என் சப்பாத்து நனைவது தெரிந்தது.

திரும்பிப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில், நுரையும் சருகும் ஒற்றைச் செருப்பும் தவளைகளுமாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கரையேறுவதுதான் புத்தியுள்ளவர் செய்கிற காரியம். நான் மிதந்து போன பலகையைத் துரத்தினேன். முழங்கால் அளவு வந்ததும் புத்தி வந்தது. அதற்குள் சரிவு நனைந்துவிட்டது. மூன்று தடவை ஏறினேன், மூன்று தடவை சறுக்கினேன். நாலாவது தடவை கையில் தோரணம் அகப்பட்டது. பிடித்தேன். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை காலையெல்லாம் கட்டிய அலங்காரம் முழுவதும் என் தலையில் இறங்கியது. கடைசியில் தலைவர் தன் வெள்ளைச் சாரத்தோடு கரையில் குப்புறப் படுத்து, குடையின் வளைந்த பிடியை நீட்டி என்னை இழுத்து எடுத்தார்.

ஊர் மொத்தமும் என்னைச் சுற்றிக் கூடியது. தலைவரின் பக்கத்தில் முதல் தண்ணீருக்குப் போட வைத்திருந்த பூத்தட்டு. முதல் தண்ணீரோ என் தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மேலே மதகைத் திறந்துவிட்டு அத்தான் ட்ராக்டரில் வந்து சேர்ந்தார்.

"கௌரி, நீ இங்க என்னா பண்ற?"

"நீங்கதானே அத்தான் எனக்காக இவ்வளவு பேர சேத்தீங்க?"

"ஒனக்காகவா? இது வயலுக்கு தண்ணி தொறக்கிற நாளு புள்ள. அதத்தான் வீடியோ எடுக்க வாறீங்கன்னு நெனச்சேன்."

நாங்கள் இரத்தோட்டைக்காரர்கள். எங்களுக்குத் தண்ணீர் கேட்காமலே வானத்திலிருந்து வரும், போதும் என்றாலும் நிற்காது. தண்ணீருக்குக் கூட்டம் போட்டுத் தேதி குறித்து, மாதக்கணக்காகக் காத்திருக்கும் ஊர் ஒன்று நாலு மணித்தியாலப் பஸ் தூரத்தில் இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. வெட்கத்தில் அழுகை வந்தது. அழுதேன். முதலில் சிரித்தது தேரர்தான். பிறகு மேளக்காரர்கள், பிறகு ஊர் மொத்தமும். தலைவர் சேற்றுச் சட்டையோடு பாற்சோற்றில் முதல் துண்டை எடுத்து என் கையில் வைத்தார்.

ரிஸ்னா ஒப்பந்தத்தை மீறி எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தாள். என்னைக் கேட்காமல் அன்றைக்கே அனுப்பியும் விட்டாள். ஸ்கேட் செய்கிற ஆளை ஒரு ஊரே சேர்ந்து கரையேற்றுவதை இதுவரை பார்த்ததில்லை, எப்போது வரலாம் என்று பதில் வந்தது. வந்தார்கள். ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு கூட நின்றார்கள். இன்று நெல் களஞ்சியத்துக்குப் பக்கத்தில், எங்கள் இரண்டு பேருக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொந்தமாக ஒரு சீமெந்து ஏற்றம் இருக்கிறது. வயல்காரர் ஒருவர் கண்டெடுத்துக் கொடுத்த பலகையும் அங்கேதான் ஓடுகிறது.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அந்தப் போகம் விளைச்சல் அமோகம். அடுத்த தண்ணீர் திறப்புக்கு, அந்தச் சில்லுப் பிள்ளையைக் கட்டாயம் அழைத்துவரச் சொல்லித் தலைவர் அத்தானிடம் ஆள் அனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. போனேன், அழகாக ஓட்டினேன், தண்ணீர் வருமுன் சரியாகக் கரையேறினேன். ஒருவரும் கை தட்டவில்லை. எல்லோர் முகமும் தொங்கிப்போயிருந்தது. தலைவர் அத்தானைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். அத்தான் தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்தார்.

"போன தடவ நீ விழுந்துதான் இப்பிடி வெளஞ்சிச்சாம். இந்தத் தடவையும் நனைஞ்சா நல்லதுங்கறாங்க."

நனைந்தேன். கை தட்டினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு போகமும் நனைந்துகொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு என்னைப் பேச அழைத்தார்கள். என் பேச்சைக் கேட்க ஊரே வருமாம் என்று வீட்டில் அலட்டிக்கொண்டிருந்தேன். அம்மா ஒற்றைக் கதவு அலுமாரியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து, மடித்து, என் பையில் வைத்தார்.

"மாத்துத் துணி. எதுக்கும் இருக்கட்டும்."