நெருங்கிப் பழகியவர்கள்

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் சளி, இருமல், தும்மல் முதலான எந்த உறவும் வீடு தேடி வராமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் என் அறைக் கதவில் 'உள்ளே வராதீர்' என்று சிவப்பு அட்டை ஒன்று தொங்குகிறது. நான் என்ன எழுதினாலும் அது ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். "முடிஞ்சா முதல் ஞாயித்துக்கிழமை வரப் பாக்குறேன்ப்பா" என்று சொன்னாய் அல்லவா? மெனக்கெடாதே. வராதே. இங்கே பார்வையாளர்களை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதற்குக் காரணம் உன் அப்பா.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ "அப்புறம்ப்பா, வேற?" என்று கேட்பாய். அந்த 'வேற' வந்ததும் சேர்த்து வைத்த விஷயமெல்லாம் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும். "வேற ஒண்ணுமில்லம்மா, வெச்சிடவா" என்று நானே வைத்துவிடுவேன். வைத்த பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும். காகிதம் அப்படிக் கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன். தவிர, இந்த முதியோர் இல்லத்து ஆபீஸிலிருந்து உனக்கு ஒரு தகவல் வரும். உங்கள் தகப்பனார் ஒரு வராந்தாவையே முடக்கிப் போட்டார் என்று அதில் இருக்கும். அது வருவதற்குள் என் பக்கத்து நியாயத்தை நீ கேட்டுவிட வேண்டும்.

கொஞ்ச நாள் முன்னால் இங்கே தொற்றுத் தடுப்புக்கென்று ஒரு மேடம் புதிதாக வந்தார். நாங்கள் வைத்த பெயர் சோப்பு மேடம். நாங்கள் என்றால், மற்றவர்கள் வைத்தார்கள், என் காதில் விழுந்தது. வந்ததும் ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் கை தேய்க்கும் மருந்துப் புட்டி, குப்பைக்கு மஞ்சள் கூடை, நர்ஸுகளுக்குக் கையுறை, மாஸ்க் என்று இடத்தையே மாற்றிவிட்டார். அவருக்கும் எனக்கும் தொழிலிலேயே பகை. நான் வாழ்நாளெல்லாம் பஸ்ஸில் நின்று "உள்ள போங்க, ஒட்டி நில்லுங்க, முன்னாடி எவ்வளவு எடம் கெடக்கு" என்று ஊர் ஜனங்களை ஒருவர் மேல் ஒருவராக அடுக்கியவன். அவர் ஒரு நாள் முழுக்கச் சொல்லும் ஒரே வார்த்தை, "தள்ளி நில்லுங்க."

அவர் கண்ணில் நான் பட்டது பேப்பரால். டிக்கெட் கிழித்துப் பழகிய விரல் அல்லவா, எந்தத் தாளைக் கண்டாலும் அது என்னைக் கேட்காமலே நாக்குக்குப் போய்விட்டு வரும்.

"ஐயா, என்ன பண்றீங்க?"

"பேப்பர் படிக்கிறேம்மா."

"படிக்கிறீங்களா, ருசி பாக்குறீங்களா? எச்சி தொட்டுத் தொட்டுப் புரட்டுறீங்க. இந்தப் பேப்பர் அடுத்து யார் கைக்குப் போகும், சொல்லுங்க பாப்போம்?"

"யார் கைக்கும் போகாதும்மா. எல்லாரும் படிச்சு முடிச்சாத்தான் என்கிட்ட வரும். எனக்கப்புறம் அது ஜன்னல் கண்ணாடி தொடைக்கத்தான் போகும்."

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் நேரே என் அறைக்கு வந்து "குட் மார்னிங் ஐயா" என்று கையை நீட்டினார். தள்ளி நில் என்கிற மனுஷி கை நீட்டுகிறாரே என்று நானும் நீட்டினேன். நல்ல குலுக்கல். உண்மையைச் சொன்னால், என் கையை ஒருவர் பிடித்து ரொம்ப நாளாகியிருந்தது. ஊசி போடப் பிடிப்பது கணக்கில் சேராது. அன்று முழுக்க அந்தக் கையோடு சந்தோஷமாக உலாத்தினேன்.

அது சூது என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. எல்லாரையும் ஹாலில் உட்கார வைத்து, திரையெல்லாம் இழுத்துவிட்டு, கையில் ஊதா வெளிச்சம் அடிக்கிற விளக்கோடு நின்றார். "காலையில கண்டக்டர் ஐயா கையில கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடிய ஒட்ட வெச்சேன். இந்த வெளிச்சத்துல அது பச்சையா மின்னும். ஒருத்தர் கையில இருக்கிற கிருமி ஒரே பகல்ல எத்தனை பேருக்குப் போகுதுன்னு இப்போ பாருங்க. இதுக்கு முன்னாடி நான் வேலை பாத்த எடத்துல சமையல்காரர் மூக்கு வரைக்கும் போயிருந்துச்சு."

விளக்கை என் மேல் அடித்தார். கை பச்சை. பேப்பர் பச்சை. குழாய்ப் பிடி, என் நாற்காலி, ஜன்னல் கொக்கி, என் போன் எல்லாம் பச்சை. வாயைத் திறக்கச் சொன்னார், நாக்கு நுனியும் பச்சை. ஹாலே சிரித்தது, நானும்தான் சிரித்தேன். பிறகு ஒவ்வொருவர் கையாக விளக்கைக் காட்டிக்கொண்டே போனார். என் வராந்தாவில் இருக்கும் வக்கீல் கையில் இல்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் கையில் இல்லை. நர்ஸ், சமையல், பெருக்குகிறவள், யார் கையிலும் ஒரு பொட்டு இல்லை. கடைசி ஆள் வரைக்கும் போய்த் திரும்பிய மேடத்துக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சமாளித்துக்கொண்டு, "பாருங்க, ஒரு ஆளுக்குக்கூடப் போகல! எல்லாரும் ஐயா மாதிரி இருந்துட்டா நோயே பரவாது. கை தட்டுங்க!" என்றார்.

தட்டினார்கள் அம்மா. நான் எழுந்து நின்று கும்பிட்டேன். என் ஆயுசில் எனக்கு யாரும் கை தட்டியதில்லை. அன்று தட்டியது எதற்கு என்று யோசிக்காமல் இருந்திருந்தால் ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அது நடந்து சில நாளில் எனக்குக் காய்ச்சல். பயப்படாதே, முழுக்கப் படி. இருமல், தொண்டை வலி. மேடம் தலை முதல் கால் வரை உறை போட்டுக்கொண்டு வந்து, மூக்குக்குள் குச்சியை விட்டு மூளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். கதவில் சிவப்பு அட்டை ஏறியது. பிறகு கதவோரம் நின்றுகொண்டு கேட்டார்.

"ஐயா, இந்த ரெண்டு மூணு நாள்ல நீங்க யார் யார்கூட நெருங்கிப் பழகுனீங்க?"

"என் மகள்கூடத்தாம்மா."

"வந்திருந்தாங்களா?"

"போன் பண்ணுச்சு."

"போன்ல பழகுனது கணக்குல வராது ஐயா. கை எட்டுற தூரத்துல, கால்மணி நேரமாவது கூட உக்காந்து பேசினவங்க யாரு?"

நான் யோசித்தேன். அவர் பேனாவைப் பிடித்தபடி நின்றார். நான் இன்னும் யோசித்தேன். முகத்தை மாஸ்க் மூடியிருந்தாலும் அந்தப் பெண்ணின் கண் எனக்குத் தெரிந்தது. அன்று ஹாலில் விளக்கோடு திரும்பி வந்தபோது இருந்த அதே கண். 'ஐயோ பாவம்' என்று இன்னும் கொஞ்சம் நேரத்தில் சொல்லிவிடும் கண். அதைச் சொல்ல விடக்கூடாது என்றுதான் வாயைத் திறந்தேன்.

"எழுதிக்கங்கம்மா. பக்கத்து அறை வக்கீல். தெனமும் நானும் அவரும் கேரம் ஆடுவோம், என்னை விடவே மாட்டார். எதிர் அறை ஹெட்மிஸ்ட்ரஸ். எனக்குக் கண்ணாடி சரியில்லைன்னு பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுக் காட்டுவாங்க. கோடி அறையில மாவு மில்காரர். டீவி பாக்கும்போது என் தோள்லதான் சாஞ்சு தூங்குவார்."

"பரவாயில்லையே ஐயா!" என்றார் மேடம். கண் சிரித்தது. எனக்குக் காய்ச்சல் பாதி இறங்கிய மாதிரி இருந்தது.

பஸ்ஸில் ஒரு ஆளை ஏறச் சொன்னால் அவன் ஏறுவான், அதோடு விஷயம் முடிந்தது. இங்கே ஒரு பெயரைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. மதியத்துக்குள் மூன்று கதவிலும் மஞ்சள் அட்டை. மூன்று மூக்கிலும் குச்சி. வெளியே வரக்கூடாது, ஹால் கூடாது, டீவி கூடாது, சாப்பாடு கதவோரம் வரும். இந்த வராந்தாவில் அறைகளே இந்த நாலுதான். பார்வையாளர் வருவதும் நின்றது. கதவுக்கு மேலே காற்றுக்காக ஒரு திறப்பு உண்டு. அது வழியாகக் காற்று வந்து நான் பார்த்ததில்லை. அன்று வசவு வந்தது.

"யோவ் கண்டக்டர்! நான் எந்தக் காலத்துலய்யா உங்கூட கேரம் ஆடுனேன்?" இது வக்கீல்.

"ஆடல சார்."

"கேரம் போர்டு எங்க இருக்குன்னாவது தெரியுமா உனக்கு?"

"ஹால்ல ஜன்னலோரம் சார். சிவப்புக் காயி ஒண்ணு ஓரம் உடைஞ்சிருக்கும்."

"அது எப்படித் தெரியும்?"

"தூணுக்கு இந்தப் பக்கம் உக்காந்து பாப்பேன் சார்."

"பாக்குற ஆளு வந்து கேட்டா என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீங்க ஏற்கெனவே நாலு பேரு சார். அஞ்சாவது ஆளுக்கு அதுல பக்கம் கிடையாதே."

ஹெட்மிஸ்ட்ரஸ் குரல் குறுக்கே வந்தது. "நான் உங்களுக்குப் பேப்பர் படிச்சுக் காட்டினேனாமே? எந்தப் பேப்பர்? தலைப்புச் செய்தி என்ன? இந்த வயசுல புளுகுறீங்க, வெக்கமா இல்ல?"

"ரொம்ப இருக்கு டீச்சர்."

மேடத்தைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். "அம்மா, நான் சொன்னதெல்லாம் பொய். இவங்க யாரும் எங்கிட்ட வந்ததே இல்லை." மேடம் தலையை ஆட்டினார். "சத்தம் போடுறாங்கன்னு பயந்துட்டீங்களா ஐயா? அவங்களைக் காப்பாத்தத்தான் இப்படிச் சொல்றீங்க. எவ்வளவு நல்ல சிநேகிதர் நீங்க!" பொய்யை உடனே நம்பிய பெண், உண்மையைக் கடைசி வரை நம்பவில்லை.

மிச்சம் மாவு மில்காரர். மெஷின் பக்கத்திலேயே வேலை பார்த்ததில் அவருக்குக் காது மந்தம். என்ன கலாட்டா என்று அவருக்குப் புரியவே சாயங்காலம் ஆயிற்று. புரிந்ததும் வராந்தா அதிரக் கேட்டார்.

"ஏம்ப்பா பொய் சொன்ன?"

நான் மெதுவாகச் சொன்னேன்.

"என்னது? காதுல விழல! சத்தமா சொல்லு!"

கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

"என்ன முனகுற? பஸ்ஸுல ஸ்டாப்பிங் பேரு கத்துவீல்ல, அப்படிக் கத்து!"

கத்தினேன் அம்மா. "யாருமே இல்லைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு!" என்று, மூடின கதவுக்கு முன்னால் நின்று, அந்தப் பழைய கண்டக்டர் குரலில், இந்த வராந்தா முழுக்கக் கேட்கக் கத்தினேன்.  யாரோ தண்ணீர்க் குழாயை மூடியது மட்டும் கேட்டது.

கடைசியில் மில்காரர்தான் வாயைத் திறந்தார். "அது சரி. என் பேர எதுக்கு மூணாவதா சொன்ன?"

வக்கீல் சிரித்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார். உடனே வக்கீல் "ஐயய்யோ, டீச்சருக்கு ஒட்டிக்கிச்சு!" என்றார். அன்றிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் இங்கே கோர்ட். வக்கீல் சுவரைத் தட்டி என்னைக் குறுக்கு விசாரணை செய்வார், ஹெட்மிஸ்ட்ரஸ் ஜட்ஜ், மில்காரர் சாட்சி. கேள்வி காதில் விழாததால் அவர் சொல்லும் பதிலெல்லாம் வேறு வழக்குக்குப் போகும். எனக்குத் தினமும் ஒரு தண்டனை. ஒரு நாள் என் ரூட்டில் இருந்த ஸ்டாப்பிங்கெல்லாம் தலைகீழாகச் சொல்ல வேண்டும், ஒரு நாள் பாட்டுப் பாட வேண்டும். பாடியது அவர்களுக்குத்தான் தண்டனை. காலையில் கண் விழித்ததும் "கண்டக்டர், செத்துட்டியா இருக்கியா?" என்று ஒரு குரல் கேட்கிறது. உன் அம்மா போன பிறகு, நான் எழுந்தேனா என்று கேட்க ஒரு ஆள் இருப்பது இதுதான் முதல் தடவை.

ஆகையால் மகளே, நீ அலைய வேண்டாம். உனக்கு ஆபீஸ், குழந்தைக்குப் பள்ளிக்கூடம், எத்தனை மணி நேரப் பயணம்! எனக்கு இங்கே நிற்க நேரமில்லை, உட்கார நேரமில்லை. இடுப்பும் தேவலை, வாக்கர் இல்லாமலே கட்டிலைச் சுற்றி வருகிறேன். உறையை ஒட்ட நாக்கைத் தொட மாட்டேன், தண்ணீர்தான். ஆனாலும் பிரித்த பிறகு கையைக் கழுவிக்கொள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பேத்திக்குத் தள்ளி நின்று ஒரு முத்தம். எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்க என் ஆசி.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா

பின்குறிப்பு: கடிதத்தை மடித்த பிறகு மேடம் வந்தார். எனக்கு வந்தது சாதாரணச் சளிதானாம். மற்றவர்களுக்கு அதுகூட இல்லையாம். எல்லாக் கதவையும் திறந்துவிட்டார்கள். நான் முகம் கழுவி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றேன். வக்கீல் "ஒடம்ப பாத்துக்க கண்டக்டர்" என்று சொல்லிவிட்டுக் கேரத்துக்குப் போனார், அங்கே மூன்று பேர் காத்திருந்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸை வெயிலில் உட்கார வைக்க, இதே இல்லத்தில் அடுத்த வராந்தாவில் இருக்கும் அவர் தங்கை வந்திருந்தார். மில்காரரைக் கூப்பிட்டேன், காதில் விழவில்லை. யார் மேலும் தப்பில்லை. கதவு மூடியிருந்தபோது அவர்களுக்கு நான் ஒருத்தன்தான் இருந்தேன். திறந்ததும் எல்லாரும் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பார்வையாளர் வரலாமாம். "உங்களுக்கு யாரு வர்றாங்க ஐயா?" என்று மேடம் கேட்டார். இந்த வாய் சும்மா இருக்கிறதா? "என் மகள் வர்றா" என்று சொல்லிவிட்டேன். இது பொய்யா இல்லையா என்று எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். வரவேற்பறையில் தரையில் வெள்ளை நாடா ஒட்டி, இரண்டு நாற்காலிகளை எட்டத் தள்ளிப் போட்டு வைத்திருக்கிறார்கள். வாக்கரை உருட்டிக்கொண்டு போய், உன் நாற்காலியை நாடாவைத் தாண்டி என் பக்கம் இழுத்துப் போட்டேன். சோப்பு மேடம் பார்த்துவிட்டார். "ஐயா, அது தப்பு" என்றார். சொன்னாரே தவிர, நகர்த்தவில்லை.