மழையில்லாத இடத்தில் வெள்ளம் காட்டிய மருமகன்

மாதவரம் அங்கம்மா அக்காவுக்கு, காலடிப்பேட்டையிலிருந்து தம்பி தேசப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் உயிரோடு இருக்கிறோம். தங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

விஷயம், நீங்கள் பார்த்து முடித்துவைத்த மருமகன் டில்லிபாபுவைப் பற்றியது. ஆள் சரியில்லை அக்கா. தையில் கல்யாணம், சித்திரையே முடியப்போகிறது, இன்னும் ஒரு சண்டை கிடையாது. நம் பெண் சினேகா வைக்கிற குழம்பை மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். யாராவது செய்வார்களா? போன வாரம் கோடை இடி இடித்தபோது, கிரிக்கெட்டில் கடைசி ஓவர், டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டார். சற்று நேரத்தில் மின்னலடித்து பக்கத்து வீட்டு டிவி கருகியது. இவருக்கு மட்டும் முன்கூட்டியே எப்படித் தெரியும்?

அதோடு விட்டாரா? வெயில் தாங்கவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை எங்களை மலை ஓடைக்குக் கூட்டிப்போனார். முழங்கால் அளவு தண்ணீர், நடுவில் ஒரு பாறை, அதில் உட்கார்ந்து வறுத்த இறால் பொட்டலத்தை அப்போதுதான் பிரிக்கிறேன், தூரத்து உச்சியில் லேசாக ஓர் உறுமல், உடனே இவர் கரையிலிருந்து கத்துகிறார்: "மாமா, தண்ணி செம்மண்ணா மாறிகினு வருது! ஏந்து வாங்க!"

"இங்க ஒரு தூத்தல்கூட இல்ல, வெள்ளம் எங்கப்பா கீது?"

"மேல மலையில பேஞ்சுகினு கீது மாமா, இதோ வந்துடும்!"

இறாலுக்குத்தான் அடிபோடுகிறார் என்று நான் அசையவில்லை. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன, பின்னாலேயே கண்டெய்னர் லாரி வருவதுபோல் ஓர் இரைச்சல், இவர் தண்ணீரில் பாய்ந்து என் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுக்க, நான் பொட்டலத்தை விடாமல் அவரை உதைக்க, இரண்டு பேரும் கரைமேட்டில் போய் விழுந்தோம். திரும்பிப் பார்த்தால் பாறையைக் காணோம். அந்த இடத்தில் ஒரு மரம் வேரோடு புரண்டு போகிறது. சினேகா "நைனா, நைனா" என்று கதறுகிறாள். நான் முதலில் பொட்டலத்தைத் தடவிப் பார்த்தேன் அக்கா. இவரோ ஒரு வார்த்தை திட்டாமல், "எங்கனா அடிபட்டுச்சா மாமா?" என்று என் காலைத் தடவிப் பார்க்கிறார். மாமனாரை இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றுகிற மருமகன் மனசில் ஏதோ வைத்திருக்கிறான். நன்றாக விசாரித்து எழுதுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் இடி இடிக்கையில் மாடிக்குப் போகாமல் நல்லபடி இருக்க ஆசிகள்.

தம்பி,
தேசப்பன்

பி.கு.: மூக்குக் கண்ணாடி வெள்ளத்தோடு போய்விட்டதால், நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது டில்லிபாபுதான். ஓர் எழுத்தும் மாற்றவில்லையாம். "இது போதுமா மாமா, இன்னும் எதனா சேக்கவா?" என்று கேட்கிறார். "போதும்ப்பா, ஆறிடப்போவுது, மொதல்ல போய் சாப்புடு" என்றேன். அதையும் எழுதிவிட்டார்.